அம்பைத் தாங்க ஒரு வளையம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா ஏமாற்றாமல் மாத்திரை சாப்பிடுகிறாரா?

வில் கடையில் வேலை நன்றாகப் போகிறது. செவ்வாயன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இரு முனையிலும் கப்பி வைத்த தன் காம்பவுண்ட் வில்லுக்கு, எய்யும்வரை அம்பு உட்கார்ந்திருக்கும் தாங்கி ஒன்று வாங்க வந்தார். உள்ளே சுற்றிலும் பிரஷ் முடி வைத்த வளையத்தைக் கேட்டார். அதில் அம்பு அசையாமல் அடங்கி நிற்கும். நானோ, அம்பை விட்டதும் கீழே மடங்கிவிடும் தாங்கியில்தான் குறி சுத்தமாக விழும் என்று பேசிப் பேசி, அதையே பொருத்திவிட்டேன். அவர் கை நடுங்குவதைக் கவனிக்கவில்லை.

சோதித்துப் பார்க்க அம்பை வைத்து நாணை முழுதாக இழுத்தார். அம்பு நழுவி, அதன் முனை வில்லைப் பிடித்திருந்த அவருடைய இடது கைமேல் வந்து நின்றது. நாணை விட்டால் கையைத் துளைத்துவிடும்.

"விட்றாதீங்க! அப்படியே பிடிங்க!"

"கை தாங்கலம்மா."

பின்னால் நின்று, நாண் இழுத்த அவர் வலது முழங்கையை இறுகப் பிடித்தேன். இருவருமாக நாணை மெல்ல முன்னால் கொண்டுபோனோம். பாதியில் நாண் வெடுக்கென்று இழுத்தது, நாங்கள் விடவில்லை.

வில்லைக் கீழே வைத்ததும், "நான் முதல்லயே அந்த வளையத்தைத்தானே கேட்டேன்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மன்னிப்புக் கேட்டு வளையத்தைப் பொருத்திக் கொடுத்தேன்.

தோள் லேசாகப் பிடித்திருக்கிறது; நீங்கள் தேய்க்கும் தைலத்தின் பெயரை எழுதுங்கள். இன்னொன்று, ஞாயிறு பேசி முடித்ததும் போனை அணைக்காமல் சமையல் மேடையில் வைத்துவிடுங்கள். நீங்கள் பேச வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்