படத்தில் இல்லாத நேரம்

கோக்-சாய் மேய்ச்சல் நிலம்,
அலாய்.
19 ஜூலை 1976

அன்புத் தம்பி மெடெருக்கு,

உன் அக்கா புர்மாகன் எழுதுகிறேன். தந்தி கிடைத்திருக்கும். தபால்காரர் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் இங்கே விவரமாகச் சொல்கிறேன். உன் மகள் பெகிமாய் உயிரோடு இருக்கிறாள். கைகால் முழுசாக இருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து என் பாலாடையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். நீ முதலில் ஒரு கிண்ணம் தேநீர் குடி, அப்புறம் மீதியைப் படி.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் பெண்குதிரைகளைக் கறந்துகொண்டிருந்தேன். நாய் ஆற்றங்கரையில் நின்று விடாமல் குரைத்தது. ஓநாய் வாசனை என்று நினைத்து, "வாயை மூடு, சனியனே" என்று அதட்டினேன். அது மூடவில்லை. போய்ப் பார்த்தால், ஆற்றின் நடுவில் இருக்கிற சரளைத் திட்டில் ஒரு பெண் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் தண்ணீர் பழுப்பாகப் பாய்கிறது. நீ யார், யார் வீட்டுப் பிள்ளை என்று கத்திக் கேட்டேன். இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு அட்டை. அதே புத்தகம் என் பெட்டியில், கல்யாணப் போர்வைக்கு அடியில் இருக்கிறது, இந்த மலைகளில் சுற்றியதைப் பற்றி நீ எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. உன் பிள்ளைதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது தம்பி.

உன் அத்தான் சோரோன்பாய் உயரமான குதிரையை இறக்கிப் பார்த்தார். பாதியிலேயே திரும்பிவிட்டார். "தண்ணி வயித்துக்கு மேல ஏறுது புர்மா, நான் போனா ரெண்டு பேரையும் சேத்துத்தான் தேடணும்" என்றார். அவர் அப்படிப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. பிறகு தன் ஆட்டுத்தோல் கோட்டைச் சுருட்டிக் கல்லோடு கயிற்றில் கட்டி எறிந்தார். மூன்றாவது எறியில் திட்டில் விழுந்தது. அந்தக் கோட்டு போய்ச் சேராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எப்படி எழுதியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கோட்டைப் போர்த்தினாள். திட்டு இன்னும் ஒரு முழம் சுருங்கியது, அதோடு நின்றது. விடிந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. உன் அத்தான் போய்த் தூக்கி வந்தார். கரைக்கு வந்ததும் உன் பிள்ளை சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அத்தை, அப்பா புத்தகத்து வரைபடத்துல ஆத்தைத் தாண்ட இங்க புள்ளிக்கோடு போட்டிருக்காரே" என்றாள்.

அவளைத் திட்ட வாயெடுத்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். கோடு சரிதான். சிவப்புப் பாறைக்குக் கீழே, மூன்று வில்லோ மரங்களுக்கு நேர் எதிரே. நாங்கள் காட்டிய இடத்தில்தான் நீ போட்டிருக்கிறாய். எத்தனை அடி அகலம், என்ன பெயர், எந்தத் திசை என்று எங்களைக் குடைந்து குடைந்து கேட்டாய். எந்த நேரத்தில் இறங்குவது என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மேலே பனி உருகி மத்தியானத்துக்குப் பிறகு இந்த ஆறு வேறு ஆறாகிவிடும் என்பது இங்கே தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. உன் பிள்ளை நாலு மணிக்கு அக்கரையில் நின்று, எங்கள் புகையைப் பார்த்து, படத்தையும் பார்த்து இறங்கியிருக்கிறாள். அவள்மேல் என்ன குற்றம்? பாதிக் குற்றம் உன்னுடையது, பாதி எங்களுடையது. உன் அத்தான் முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நாலு வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது. "புர்மாகன் அக்கா கூடாரத்தில் விருந்தாளிக்குத் தூக்கம் கிடையாது, விடியுமுன் போர்வையை உருவிவிடுவாள்" என்று உன் புத்தகத்தில் எழுதினாய். ஃப்ருன்ஸே நகரத்தில் எல்லாரும் படித்துச் சிரித்தார்களாம். எனக்குக் கோபமான கோபம். அன்றைக்கெல்லாம் நான் ஏன் உருவினேன்? நீ ஆற்றை நேரத்தோடு தாண்ட வேண்டும் என்றுதானே? அக்காவின் குணத்தை எழுதினாய், காரணத்தை எழுதவில்லை, மடையா. நேற்று இதைப் பெகிமாயிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதுவிட்டாள்.

அவள் உன்னிடம் சொல்லாமல் கிளம்பியது தப்புதான். சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தால் போதுமா என்று நானும் கேட்டேன். நீ சொன்னதை அவள் சொன்னாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போ, மலை ஏறுவது உனக்கு எதற்கு என்றாயாமே. "ஊர் சுத்துறது தனக்கு மட்டும்தான்னு அப்பா நினைக்கிறார், அத்தை. அவர் எழுதினதைப் படிச்சுதானே எனக்கு இந்த ஆசையே வந்துச்சு" என்றாள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீதான். உனக்குத் தெரிந்தால் எழுது.

காய்ச்சல் இறங்கின அன்றே அவள் கரைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு கூடாரக் கழியில் கத்தியால் கோடு கோடாகக் கீறி, கரையோரம் ஊன்றி, கல்லால் அண்டை கொடுத்தாள். தண்ணீர் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதினாள். மூன்று நாள். உன் அத்தான் முதல் நாள், "ஆத்துக்குப் பாடம் எடுக்கறியா, வாத்தியாரம்மா?" என்று கேலி செய்தார். இரண்டாம் நாள் அவரே குதிரையில் ஏறிப்போய் நடு ஆற்றின் ஆழத்தை அளந்து சொன்னார். மூன்றாம் நாள் மத்தியானம் கழிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று இரண்டு பேருக்கும் சண்டை.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். உன் புத்தகத்தின் படத்தைப் பார்த்து அவள் வரைந்தது. உன் புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார். காலை ஒன்பது வரை முழங்கால். பதினொன்றுக்கு இடுப்பு. அதற்குமேல் இறங்காதே. கீழே தன் பெயரை அவள் போடவில்லை. அப்பாவுக்கு அனுப்பாதீர்கள் என்றும் சொன்னாள். நான் அனுப்புகிறேன். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கிறார்களாமே, அந்த இடத்தில் அவள் பெயரை நீ போடு.

கடைசியாக ஒன்று. உன் கோடு மேலே, ஆற்றைத் தாண்டுகிற இரண்டாவது துறையோடு நின்றுவிடுகிறது. பல்வலி என்று அங்கிருந்து நீ திரும்பினாய், மலை உச்சிப் பக்கம் இருக்கிற ஏரியைப் பார்க்காமல். அவள் ஏரிவரை போக வேண்டும் என்கிறாள். நாளைக்குப் புறப்படுகிறாள். உன் அத்தான் இரண்டு குதிரையோடு கூடப் போகிறார், ஐந்து நாளில் திரும்பிவிடுவார்கள். உன்னைக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தால் பனி வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. கோபம் வந்தால் என்மேல் காட்டு, அவள்மேல் காட்டாதே. திரும்பி வா என்று தந்தி மட்டும் அடிக்காதே, தம்பி. ஆறே அவளை விட்டுவிட்டது, நீயும் விடு.

உன் வழியும் அவள் வழியும் தடங்கல் இல்லாமல் வெள்ளையாக இருக்கட்டும். நீ பயப்படாமல் தூங்கு. நாளைக்கு விடியுமுன் அவள் போர்வையை நானே உருவுவேன்.

உன் கோபக்கார அக்கா,
புர்மாகன்