மூணு போடு, கெர்லிண்டே

மெட்ஸிங்கன்,
செப்டம்பர் 3, ஞாயிறு

அன்புள்ள கெர்லிண்டே,

நான் நலம். நீயும் நலம் என்பதை இருக்கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போன முறை வண்டி என் கைக்கு வந்தபோது இண்டு இடுக்கெல்லாம் பிரெட்ஸெல் ரொட்டித் தூள். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து எதையும் தின்னாதே என்று முப்பத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன்.

ஏப்ரலில் நீ தனி வீடு பார்த்துப் போனாய். அதிலிருந்து, குடியிருப்பில் மாடிப்படி துடைக்கும் முறை மாதிரி வண்டியும் நமக்கு வாரம் மாற்றி வாரம் என்றாகிவிட்டது. என் போனை நீ எடுப்பதில்லை. ஆகவே விஷயத்தை டேஷ்போர்டு பெட்டியில் வைக்கிறேன்.

நம் கிழட்டு வண்டி இந்த அக்டோபரோடு ஓய்வு பெறுகிறது. இரண்டு வருடமாக நாம் காத்திருக்கும் புது வண்டிக்கு ஷோரூம்காரர் ஸ்வெரென்ஸ் ஆர்டர் படிவம் அனுப்பிவிட்டார். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்று அதில் டிக் செய்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, அக்டோபர் 9க்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வண்டி அடுத்தவருக்குப் போய்விடும். கியர் வைத்து வருவது இதுதான் கடைசி வருடமாம். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரும் பல்செட்டும் ஒன்று. கடிக்கும், ருசி தெரியாது.

இந்த வாரம் கான்ஸ்டன்ஸ் ஏரி வரை ஓட்டிப் போனேன். அடடா, அந்த வளைவுகள்!

வழக்கம்போல் வண்டி ரொட்டிக்கடை வாசலில், சாவி கடைக்கார ஹேபெர்லே அம்மாளிடம்.

உன்
ஹார்ட்மூட்

ரொய்ட்லிங்கன்,
செப்டம்பர் 10, ஞாயிறு

மதிப்பிற்குரிய வாகனப் பங்குதாரர் ஹார்ட்மூட் அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. என் பதில்: ஆட்டோமேட்டிக்.

ஏன் என்று கேட்பாய். ஏப்ரலில் லிக்டென்ஷ்டைன் மலை ஏற்றத்தில் நான் ஓட்டிக்கொண்டு வந்தபோது நீ என்னென்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "மூணு போடு, கெர்லிண்டே." "இப்பப் போடு, இப்ப!" "இன்ஜின் அழுவுது, காதுல விழலையா ஒனக்கு?" எண்ணினேன், பதினொரு முறை. பன்னிரண்டாவதைக் கேட்கத் தெம்பில்லாமல்தான் வண்டியை ஓரங்கட்டி, சாவியை உன் மடியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஒரு கியருக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா என்று உன் தங்கை ஊரெல்லாம் கேட்கிறாளாம். முப்பத்திரண்டு வருடத்துக் கியர் என்று அவளிடம் சொல்.

ஆட்டோமேட்டிக்கில் எதையும் போட வேண்டியதில்லை. அப்போது நீ என்ன சொல்வாய் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. நிறுத்திய வண்டியை முதல் கியரில் விட்டுவிட்டுப் போகாதே. சாவியைத் திருகியதும் துள்ளிப் போய் ஹேபெர்லே அம்மாளின் பூந்தொட்டியில் முட்டிவிட்டது. இரண்டு ஜெரேனியம் செடி காலி. திட்டு வாங்கியது நான்.

ஒரு தடவை ஆட்டோமேட்டிக்கை ஓட்டித்தான் பாரேன். கடித்துவிடாது.

இப்படிக்கு,
கெர்லிண்டே

மெட்ஸிங்கன்,
செப்டம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள கெர்லிண்டே,

சொன்னாய், ஓட்டினேன். நடந்ததை மறைக்கப் போவதில்லை, எப்படியும் உன் காதுக்கு வந்துவிடும்.

ஸ்வெரென்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது காலுக்கு லீவு விட்டுடுங்க சார், அதுக்கு இங்க வேலையே இல்ல" என்று சிரித்தார். நாற்பது வருடம் உழைத்த காலுக்கு லீவு என்றால் புரியுமா? முதல் சிக்னலில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. ஸ்வெரென்ஸ் முன்கண்ணாடி வரை போய் வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி அங்கேயே தங்கிவிட்டது.

நியாயமாகச் சொல்கிறேன், அந்த ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி என்னைவிட வேகமாகக் கியர் மாற்றுகிறது. வயிற்றெரிச்சலே அதுதான். ஏற்றத்தில் நான் "மூணு" என்று நினைப்பதற்குள் அது மூன்றுக்குப் போய்விட்டது. நான் எதற்கு அங்கே? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் பயணியா?

நமக்குக் கல்யாணமான வருடம் கார்டா ஏரிக்குப் போனோமே, மறந்துவிட்டாயா? வேகமாக ஓட்டியதற்காக என் லைசென்ஸை ஒரு மாதம் பிடுங்கி வைத்திருந்தார்கள். செர்ரி மரத்திலிருந்து விழுந்து, கியர் போடும் உன் வலது கையில் மாவுக்கட்டு. நீ ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கிளட்சை மிதித்தாய், பக்கத்தில் உட்கார்ந்து நான் கியர் ராடைத் தள்ளினேன். பிரென்னர் கணவாய் முழுக்க ஒரு தடவைகூடக் கியர் கரகரக்கவில்லை. ஆட்டோமேட்டிக்கில் அது நடக்குமா, சொல்.

இந்த வாரம் நம் வண்டியில் டான்யூப் பள்ளத்தாக்குப் பக்கம் போய் வந்தேன். சுகம்.

உன்
ஹார்ட்மூட்

ரொய்ட்லிங்கன்,
செப்டம்பர் 24, ஞாயிறு

ஹார்ட்மூட்,

ஸ்வெரென்ஸ் கோணிய பிரேமை எடுத்துக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தார். இந்த ஊரில் வேறு எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போவார்? திருகாணியை முடுக்கிக்கொண்டே உன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இது: "அட விடுங்க மேடம், நான் ஒண்ணும் கத்தல. கத்துனது ஒங்க வீட்டுக்காரருதான். இடது முட்டியப் புடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷம் எறங்கவே இல்ல."

வெளியே போய் வண்டியின் கிலோமீட்டரைப் பார்த்தேன். பத்தாம் தேதி உன்னிடம் கொடுக்கும்போது குறித்து வைத்திருந்தேன். அதன்பிறகு நான் ஓட்டியதைக் கழித்தால், உன் வாரத்தில் ஓடியது ஆறு கிலோமீட்டர். ரொட்டிக்கடையிலிருந்து வீட்டுக்கு மூன்று, வீட்டிலிருந்து ரொட்டிக்கடைக்கு மூன்று. டான்யூப் நதி எப்போது நம் கொல்லைப்புறத்துக்கு வந்தது?

ஹேபெர்லே அம்மாளிடமும் விசாரித்துவிட்டேன். "ரெண்டு மாசமா ரெண்டாவது கியர்லயேதான் வர்றாரு. வண்டி உறுமுறது தெருமுனையிலயே கேக்கும். எறங்கும்போது கதவப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு, அதான் நான் சொல்லவே இல்ல" என்றாள்.

நான் ஆட்டோமேட்டிக் கேட்டது உன் வாயை மூட. உன் முட்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு வலி வந்திருக்கிறது என்பதுதான் இந்த வாரம் முழுக்க என்னை அறுக்கிறது. மிதிக்க முடியாத கிளட்சுக்காக ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறாய்? உண்மையை எழுது.

கெர்லிண்டே

மெட்ஸிங்கன்,
அக்டோபர் 1, ஞாயிறு

அன்புள்ள கெர்லிண்டே,

ஜூலையிலிருந்து வலி. மூட்டு தேய்ந்துவிட்டது, கிளட்சை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கும் போகவில்லை, டான்யூபுக்கும் போகவில்லை. ஷெட்டில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். ஒரு நாள் உன் வாசனைக்காக உன் இருக்கைத் தூளைக்கூடத் துடைக்காமல் விட்டேன். இதைப் படித்துச் சிரித்தால் சிரித்துக்கொள்.

ஓட்ட முடியாது என்று தெரிந்தால், வண்டியை நீயே வைத்துக்கொள் என்றுதானே ஆகும்? பிறகு எனக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? டேஷ்போர்டு பெட்டிக்குள் எனக்கு ஏது கடிதம்? அந்த மூன்று கிலோமீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியது அதற்காகத்தான்.

கியர்தான் வேண்டுமென்று நின்றது வறட்டுப் பிடிவாதம். ஆட்டோமேட்டிக் வாங்கினால் என் கால் போய்விட்டது என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது.

படிவம் உள்ளே இருக்கிறது. ஆட்டோமேட்டிக்குக்கு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீ கேட்டபடியே ஆகட்டும்.

ஏற்றத்தில் அன்று நீ மூன்றாவது கியர் போட்ட இடம் சரியான இடம். அன்றே எனக்குத் தெரியும்.

ஹார்ட்மூட்

ரொய்ட்லிங்கன்,
அக்டோபர் 8, ஞாயிறு

அன்புள்ள ஹார்ட்மூட்,

சிரிக்கவில்லை. ரொட்டிக்கடை வாசலிலேயே படித்தேன். ஹேபெர்லே அம்மாள் கேட்காமலே ஒரு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று ஸ்வெரென்ஸிடம் போனேன். உன் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கியர் வண்டிக்கு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அடித்த இடத்தில் உன் கையெழுத்தும் வேண்டும் என்றார். திங்கட்கிழமை நீ வந்து போடுவாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். "ஆனா மேடம், சாரோட முட்டி..." என்று இழுத்தார். முட்டி அவருடையது, கால் என்னுடையது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உனக்குப் புரியும். ஆட்டோமேட்டிக் வாங்கினால் நீ தனியாக ஓட்டிக்கொண்டு போய்விடுவாய். உன்னைத் தனியாக விட்டு நான் என்ன கண்டேன்? ஆறு மாதமாக ஏற்றத்தில் சரியான இடத்தில் மூன்றாவது கியர் போடுகிறேன், யாருமே தப்புச் சொல்வதில்லை. போரடிக்கிறது.

சாவியை இந்த வாரம் ஹேபெர்லே அம்மாளிடம் கொடுக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் அவள் தருவாள். வாங்கிக்கொண்டு வெளியே வா. நம் வண்டி வாசலிலேயே நிற்கும், நான் ஸ்டியரிங் பக்கம் இருப்பேன். நீ வலப்பக்கம், பயணி இருக்கையில் ஏறு. கிளட்ச் என்னுடையது, ராடு உன்னுடையது. நான் "இப்போ" என்றதும் தள்ளு. நீ வாயைத் திறக்கக் கூடாது. லிக்டென்ஷ்டைன் ஏற்றம் வரை போவோம். போலீஸ் மறித்தால் நீதான் பேச வேண்டும், அனுபவசாலி.

ஏற்றத்தில் மட்டும், ஒரே ஒரு தடவை, "மூணு போடு, கெர்லிண்டே" என்று சொல்லிக்கொள்.

மடியில் பிரெட்ஸெல் வைத்திருக்கிறேன். இரண்டு.

உன்
கெர்லிண்டே