அக்காவின் கல்லீரல்

3 ஜூன்

அக்காவுக்கு, நீ துணி தைத்துப் படிக்க வைத்த அரைகுறை டாக்டர் எழுதுவது.

இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் போஸ்டிங் போட்டு என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்கள். வருவதெல்லாம் இருமலும் சளியும்தான். வீங்கிய கல்லீரலைக் கையால் தொட்டுப் பார்த்துப் பழக வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. இங்கே ஒருத்தருக்கும் அது வீங்க மாட்டேன் என்கிறது! பெரிய ஆஸ்பத்திரி கிடைத்த பசங்க கொடுத்து வைத்தவர்கள். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? யாரிடமாவது காட்டு.

தம்பி

17 ஜூன்

அடேய் டாக்டரே,

காட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். தையல் மெஷினை மூடிப் போட்டுவிட்டு வந்தேன். காலையில் பெரிய டாக்டர், உன்னை மாதிரிப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கும்பலோடு வருகிறார். ஆளாளுக்கு என் வயிற்றை அமுக்குகிறார்கள். "நல்லாத் தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி, முடிச்சு முடிச்சா இருக்கு. இவ்வளவு தெளிவா இன்னொண்ணு கிடைக்காது" என்றார். கல்லீரலாம்! எனக்கு ஒரே பெருமை. ஐயோ, என் தம்பிக்குக் கிடைக்காமல் போச்சே என்றும் இருந்தது. ஒரு நாள் வந்து நீயும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயேன், நான் என்ன வெளியாளா?

எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்டால் எல்லாரும் கட்டில் காலைப் பார்க்கிறார்கள். நீ சொல்லுடா. நீ சொன்னால் நம்புவேன்.

அக்கா

24 ஜூன்

அக்கா,

ஒன்றும் இல்லை. சாதாரண வீக்கம், மாத்திரையில் வடிந்துவிடும். அடுத்த மாதம் நீ மெஷினில் உட்காரலாம். இங்கே லீவு கிடைக்கவில்லை, இல்லாவிட்டால் ஓடி வந்திருப்பேன். கண்டதையும் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

தம்பி

6 ஜூலை

தம்பிக்கு,

உன் கடிதத்தை நம்பி, துணி கொடுத்தவர்களுக்கெல்லாம் அடுத்த மாதம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கும்பலில் ஒல்லியாக ஒரு பெண் உண்டு. அவளிடம் உன் கடிதத்தை ஆசையாகக் காட்டினேன். படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, இது ஆறாதுக்கா. உங்ககிட்ட யாராவது சொல்லித்தானே ஆகணும்" என்றாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. நான் ஓவென்று அழுதேன். அவள் எழுந்து போகவில்லை.

உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பயந்துவிட்டாய், புரிகிறது. ஆனாலும் எனக்கு மனசு விட்டுப்போச்சுடா. துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

லீவு கேட்டு அலையாதே. வந்தால் என் முகத்தைப் பார்த்து மறுபடியும் ஏதாவது சொல்வாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கடைசி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். அந்தப் பெண்ணைச் சொல்லியிருக்கிறேன்.

நீ படி.

அக்கா