மீனாம்பிகை திறந்துவிட்ட கவுதாரிகள்

சேவுகன் கவுதாரி பிடிப்பதை வைத்துச் சண்டை வந்து, புருஷனும் பெண்டாட்டி மீனாம்பிகையும் நாலு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டுக்குக் கண்டரமாணிக்கம் கிளம்பும் முன், அவள் 1973 காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்:

"பேசத்தானே கூடாது, எழுதலாம்ல. சோறு உறியில இருக்கு, கத்திரிக்காய்க் குழம்பு அடுப்புமேல. கூண்டுல கவுதாரியைத் தேடாதீக, மூணையும் பறக்க விட்டுட்டேன். கண்ணியையும் தேடாதீக. நேத்தே பறவைப் பாதுகாப்புச் சங்கத்துல அதை ஒப்படைச்சுட்டு நானும் சேர்ந்துட்டேன். மத்தியானம் சங்கத்து வாத்தியார் ஒரு பாரம் கொண்டாருவாரு. மோர் குடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "உங்க பேரையும் குடுத்திருக்கேன். ஒத்தையில சேர மனசு வரலை."

சாயங்காலம் அவள் திரும்பியபோது வீட்டில் ஆள் இல்லை. சீட்டின் மேல் பென்சிலில் குறுக்கே எழுதியிருந்தது:

"போட்டாச்சு. கருவேலங்காட்டுக்கு என்னையத்தான் காவல் போட்டிருக்காக. எவன் எங்க கண்ணி வைப்பான்னு எனக்குத்தான் தெரியுமாம். கோவிச்சுக்கிடாத, மொதல்ல மாட்டப்போறது உங்க அண்ணன்தான்."