கேட்காமல் போட்ட எண்

அண்ணே,

இன்று மதியம் தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், மேசைமேல் ஒரு கிண்ணத்தில் சோம்பு. தள்ளி வைத்துவிட்டேன். உங்கள் வலி மருந்துக்கும் இதே வாசனைதான். அபின் கலந்த மருந்துக்கு எதற்கு இந்த வாசனை என்று இன்னும் எனக்கு எரிச்சலாக வரும்.

ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை வருஷம் எண் போட்டோம். இறந்தவரின் அட்டையில் டாக்டர் காரணத்தை எழுதுவார். நாம் புத்தகத்தைப் பார்த்து அதற்குரிய எண்ணைப் போட்டுச் சென்னைக்கு அனுப்புவோம். விஷம் என்றால் இரண்டு எண். எந்த விஷம் என்று ஒன்று. தவறியா, தானாகவா, பிறர் கொடுத்தா என்று இன்னொன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த புதுப் புத்தகத்தில் ‘தெரியவில்லை’ என்பதற்கும் ஓர் எண் இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. உங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

மாரண்டஹள்ளிப் பக்கத்து எட்டு மாதக் குழந்தையின் அட்டை வந்ததே. ‘அபின் விஷம்’ என்று மட்டும் இருந்தது. நான் ‘தெரியவில்லை’ போடப் போனேன். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

“கேக்காம எண் போடாதீங்க பாய். தப்பா போட்டா பெத்தவ கொலகாரி ஆயிருவா.”

ஞாயிற்றுக்கிழமை என்னையும் பஸ் ஏற்றினீர்கள். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்தத் தாய் தக்காளிக் காட்டில் நின்றபடியே சொன்னாள்:

“களையெடுக்கப் போவணும், புள்ள தூங்கட்டும்னு பால்ல துளி கரைச்சுக் குடுத்தனுங்க. இங்க எல்லாரும் குடுக்கறதுதானுங்க. எங்க அத்த முன்னாடியே குடுத்தது எனக்குத் தெரியாதுங்க.”

“ரெண்டு கை குடுத்திருக்குது பாய். ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்,” என்றீர்கள் திரும்பும்போது. ‘தவறி’ என்ற எண்ணை நீங்களே போட்டீர்கள். சென்னையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அந்த ஊர்களில் குழந்தைக்கு அபின் கொடுப்பதும் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் உங்கள் அட்டையே என் மேசைக்கு வந்தது. வயிற்றில் கட்டி, மாசக்கணக்கில் வலி, கடைசியில் மருந்து அதிகமாகி மூச்சு நின்றது. டாக்டர் வழக்கம்போல ‘அபின் விஷம்’ என்று எழுதியதோடு விட்டுவிட்டார். பாப்பாரப்பட்டியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

“மத்தியானம் நான் ஒரு வேள குடுத்தேன் பாய். பேசாம வாங்கிக் குடிச்சாரு. பொறவு பாத்தா பாட்டில்ல ரொம்பக் கொறஞ்சிருக்குது. எனக்கு முன்னாடியே அவரா குடிச்சிருக்காராட்டம். தெரிஞ்சேவா செஞ்சாரு? நீங்க சொல்லுங்க பாய்.”

“இல்லீங்க அண்ணி. வலியில மறந்துட்டாரு.”

ஆபீசுக்கு வந்து ‘தவறி’ என்ற எண்ணையே போட்டேன். ‘தெரியவில்லை’ என்பதுதான் உண்மை. அந்த எண்ணை உங்கள் அட்டையில் போட எனக்குக் கை வரவில்லை.

அண்ணி சாகும்வரை என் பேச்சை நம்பினார். நான் ஒரு நாளும் நம்பவில்லை. இரண்டு கை கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆயிரம் அட்டைகளை மறந்துவிட்டேன், உங்களுடையதை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அண்ணி டம்ளரை நீட்டினபோது, இப்போதுதான் குடித்தேன் என்று ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டீர்களா அண்ணே?