ஷெல் ஏந்தும் படம்

லாசால்
7 சித்திரை 2024

அன்புள்ள மரியம்மாவுக்கு,

சுகமா? போனில கதைச்சா என்ட வாய் பொல்லாது, அதால எழுதுறன். நீ தந்தனுப்பின கணவாய்க் கறியை மனமில்லாமல்தான் சாப்பிட்டன்.

பழைய வெடிமருந்து பக்டரிச் சுவரில, உலகப் போர்க் காலத்தில அங்க ஷெல் குண்டுக்கு மருந்து நிரப்பின பெண்களைப் படமாக் கீறப் போறாங்க, அவங்களோட இண்டைக்கு பக்டரியில வேலை செய்யிற ஒருத்தியும் நிப்பாள் எண்டு உனக்கு முதல் சொன்னது நான். அதுக்கு ஆள் தெரியிற கூட்டத்துக்கு உன்னைக் கூட்டிப் போனதும் நான். ரெண்டு பேரும் ஒரே பெல்ட்டில நிண்டுதான் பிஸ்கட் அடுக்குறம். பிரெஞ்சில கதைச்சது நான், மூலையில வாய் திறக்காமல் இருந்தது நீ. படம் கீறுற பிள்ளை உன்ட முகத்தைத்தான் கேட்டாள். எனக்கு வயிறு எரியுது கா. உன்னட்ட ஒளிச்சு என்ன.

உன் தாட்சாயினி

மொன்ட்ரியால்-நோர்
21 சித்திரை 2024

அன்பின் தாட்சா,

கோவிக்காத. நேத்து அந்தப் படம் கீறுற பிள்ளையிட்டப் போனன். தலையில துணி கட்டிவிட்டு, கையில ஒரு ஷெல்லைத் தந்தாள். மரத்தில செய்தது, பாரமில்லை. "குழந்தையைத் தூக்கிற மாதிரிப் பிடியுங்க" எண்டாள்.

என்ட மகன் வலன்ரைன் வாழைச்சேனையில ஷெல் விழுந்துதான் செத்தவன் எண்டு உனக்குத் தெரியும். அவளுக்கும் அதைச் சொல்லிப்போட்டு, ஷெல்லைக் கீழ வைச்சிட்டு வந்திட்டன். அந்தப் பெண்களில எனக்குக் கோவமில்லை. மருந்து பட்டுக் கையெல்லாம் மஞ்சளாகி, சம்பளத்துக்கு நிண்டவங்க. என்னால ஏலாது, அவ்வளவுதான். உன்ட பேரைக் குடுத்திருக்கன். போ.

மரியம்மா

லாசால்
2 ஆவணி 2024

மரியம்மா,

போய் நிண்டனான். சுவரில இப்ப என்ட முகம். திறப்பு விழாவில, படத்தை ஒழுங்கு செய்த சங்கத்தின்ட தலைவி என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லேல்ல. ஷெல்லைக் கீழ வைச்ச தாயைப் பற்றித்தான் பேசினா. சனம் அழுதது. நிக்காமலே நீ என்னை வெண்டிட்டாய்.

பேந்து ஒரு கிழவி வந்து, "அந்தத் தாய் நீங்களா?" எண்டு கேட்டா. ஓம் எண்டிட்டன். கையைப் பிடிச்சு, மகன்ட பேரென்ன எண்டா. வலன்ரைன் எண்டன்.

ஆரும் உனக்குச் சொல்ல முந்தி நானே எழுதுறன். ஏன் சொன்னன் எண்டு எனக்கே விளங்கேல்ல. வீட்டுக்கு வரட்டா?

தாட்சாயினி

மொன்ட்ரியால்-நோர்
15 ஆவணி 2024

தாட்சாயினி,

வலன்ரைனுக்குப் பதினாறு வயசு. இடப்பக்கக் கன்னத்தில மச்சம். சிரிக்கேக்க வாயைப் பொத்துவான்.

இனியும் ஆராவது கேட்டால், பிழையாச் சொல்லாத.

வராத.

மரியம்மா