என் வயிற்றில் இருந்த கழுகு முட்டை

1949 மார்ச் 4

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. போகட்டும். எங்கள் மலைகளில் ஓடும் நாரின் ஆற்றின் இரு கரையிலும் என்னைவிட உண்மை பேசுகிறவன் பிறந்ததில்லை. பிறந்த ஒன்றிரண்டு பேரும் என்னைப் பார்த்து வெட்கி ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். என் வலது விலாவுக்குக் கீழே ஒரு கழுகு முட்டை இருக்கிறது. இருபது வருடம் முன்பு பனிமலை உச்சியில், பந்தயத்துக்காக முழுசாக விழுங்கியது. இப்போது என் முஷ்டி அளவு. ஒரு வாரமாகக் குதிரை ஏறினால் உயிர் போகிறது.

உப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டே என் மனைவி புருல் சொன்னாள்: "குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள மருமககிட்டப் போய்க் காட்டும்."

மார்ச் 5

மருமகள் என்றால் சல்தனாத், என் தம்பி மகனின் மனைவி. எங்கள் மலைகளிலிருந்து கிளம்பிப்போய் அறுவை வைத்தியம் படித்துவந்த முதல் பெண். அவள் பட்டம் வாங்கிய அன்று நான் போட்ட கூச்சலில் மூன்று பனிச்சரிவுகள் இறங்கின.

ஆனால் அவள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதமாகிறது. ஒருத்தர்கூட அவள் அறுவை மேசையில் படுக்கவில்லை. குடலிறக்கத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரியும் பக்கத்து வீட்டுக் கொஜோம்குல் கேட்கிறான்: "ஆட்டைக் கூறு போடவே பொம்பள கையில கத்தி குடுக்கமாட்டோம். என் வயித்தையா குடுப்பேன்?"

மார்ச் 6

புருலோடு போனேன். "வாங்க, ஏழு மலை மாமா" என்றாள்.

என் கதைகளெல்லாம் ஏழு மலைக்கு அப்பால் நடப்பதால் அவள் வைத்த பட்டப்பெயர் அது. எத்தனை படித்தாலும் மருமகள் மருமகள்தான். கணவன் வீட்டு மூத்தவர்கள் பெயரை வாயால் சொல்லமாட்டாள். நோயாளிச் சீட்டில்கூட என் பெயரை வாய் திறக்காமல் எழுதினாள்.

அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஈரல்ல கட்டி, மாமா. நாயோட வயித்துப் புழு. நாயைக் கொஞ்சின கையோடயே ரொட்டி தின்பீங்கல்ல? அதோட முட்டை உள்ள போயிருக்கு."

"பாத்தியா, முட்டைதான்!" என்றேன் புருலிடம்.

சல்தனாத் சிரிக்கவில்லை. "எடுக்கணும். எடுக்கும்போது உள்ளயே உடைஞ்சா நீங்க பிழைக்கமாட்டீங்க. நான் தனியா இதைச் செஞ்சதில்ல. கணவாய் பனியில மூடிக்கிடக்கு, பெரிய டாக்டர் யாரும் வரமுடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

மார்ச் 9

யோசித்தேன்.

மார்ச் 10

வலி. இதுல நான் போய்ச் சேந்தா கொஜோம்குல் சொல்லுவான், 'கொன்னுட்டா'ன்னு. அப்புறம் அவகிட்ட யார் வருவா? படுக்காம இருந்தா — அவ மாமனே படுக்கலன்னு சொல்லுவான். ரெண்டுக்கும் அவன் வாய் தயாரா இருக்கு. என்னடா இது?

மார்ச் 12

நாளைக்கு மேசையில் படுக்கிறேன். எனக்குப் பயம் துளிகூட இல்லை. மூன்று போர்வை போர்த்தியிருப்பது குளிரால். அடுப்புப் பக்கத்தில் அடிக்கும் குளிர்.

மார்ச் 20

உயிரோடுதான் எழுதுகிறேன். கட்டி உடையாமல் முழுசாக வந்தது. கண்ணாடிச் சாடியில் காட்டினாள். வெள்ளை வெளேரென்று, ஓடு உரித்த முட்டை மாதிரி. விலாவில் ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறது. எங்கள் நாயை இனி வீட்டுக்குள் விடக்கூடாதாம். அதன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

ஏப்ரல் 2

கஞ்சி.

ஏப்ரல் 3

மறுபடியும் கஞ்சி.

மே 24

இந்த வருடத்தின் முதல் குமிஸ், புளிக்கவைத்த குதிரைப்பால், குடித்தேன். பத்துக் கிண்ணம் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். சல்தனாத் அனுமதித்தது அரைக் கிண்ணம்.

தழும்பைக் காட்டப் போனபோது, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஐந்து பேர். கடைசியில் கொஜோம்குல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

"பெரியவரே, வலிச்சுதா?"

"வலியா? மயக்க மருந்தே வேண்டாம்னுட்டேன். படுத்தபடியே அவளுக்குக் கத்தி எடுத்துக் குடுத்தேன். முட்டை வெளிய வந்ததும் கழுகு பொரிச்சு, ஜன்னல் வழியா பறந்துடுச்சு."

"போய்யா!" என்று சிரித்தான். ஆனால் பெஞ்சைவிட்டு எழவில்லை.

கழுகு பொய். பனிச்சரிவு பொய். பயமில்லை என்றது எல்லாவற்றிலும் பெரிய பொய்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அறுத்துத் தைத்து முடித்தும் நான் கண் விழிக்கவில்லை. எங்கோ போய்க்கொண்டிருந்தேன், நல்ல சமவெளி, திரும்பத் தோன்றவில்லை. நர்ஸ் "மாமா", "பெரியவரே" என்று கன்னத்தில் தட்டியது தூரத்தில் கேட்டது. உலகத்தில் எத்தனையோ மாமா, எத்தனையோ பெரியவர். நான் ஏன் திரும்பவேண்டும்? அப்போது இன்னொரு குரல், அழுகையும் அதட்டலுமாக:

"பெய்ஷெனாலி! பெய்ஷெனாலி! கண்ணைத் தொற!"

என் பெயர். திறந்தேன். சல்தனாத்.

அன்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நீதானே என்று இன்று மெல்லக் கேட்டேன். "யாரு, நானா?" என்றாள், தழும்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்தப் பேரே எனக்குத் தெரியாது, ஏழு மலை மாமா."

ஆகவே பேர் விஷயம் இந்த நோட்டோடு சரி, ஊருக்குக் கழுகுக் கதை.